கெட்டிமேளம் சொல்லாத கல்யாணம்

சைக்கிள் கடை மாடியில மெகருன்னிசா டீச்சர் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்குறாங்க. அங்க படிக்கிறவங்கள்ல மூத்தவரு சவரிமுத்து. டீச்சரைவிடவே வயசு கூட. டீச்சர் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க.

தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்காக அவரு ஒரு வினாடி வினா விளையாட்டு எழுதியிருந்தாரு. மறுநாள் போட்டி. அவரு எழுதுனது லினக்ஸ்ல ஓடுற வீட்டு கம்ப்யூட்டர்ல. பள்ளிக்கூடத்துல எல்லாம் விண்டோஸ்.

"விளையாட்டுக்கு உள்ள நுழையிறதுக்கு லினக்ஸ் மெயின்னு ஒரு வாசலைத் தேடுது டீச்சர். விண்டோஸ் என்னடான்னா, வின்மெயின் எங்கன்னு கேட்டு அடம்பிடிக்குது."

"என்ன பண்ணீங்க?"

"மொத்தத்தையும் காப்பி எடுத்து, வாசல் பேரை மாத்திட்டேன். இப்ப ரெண்டு விளையாட்டு இருக்கு."

டீச்சர் ரெண்டையும் ஓட்டிப் பாத்தாங்க.

"அண்ணே, உங்க வீட்டுல சிலந்திக்கு எட்டு கால். பள்ளிக்கூடத்துல ஆறு கால்."

சவரிமுத்து தலையைச் சொறிஞ்சாரு. "ஒண்ணுல திருத்துனேன். இன்னொண்ணை மறந்துட்டேன். ஐயோ, சரியாச் சொல்ற பிள்ளைக்கு நாளைக்குத் தப்புன்னுல்ல வரும்! இதுக்கு என்னதான் வழி?"

"உங்க மாதா கோயில் கல்யாணத்துல தாலி கட்டுறப்ப கெட்டிமேளம்னு யாரு சத்தம் போடுவா?"

"எங்கள்ல அது கிடையாதே. மணிதான் அடிப்பாங்க."

"எங்க தெரு தவில்காரருக்கு அது தெரியாது. முதல் தடவை உங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் போனாரு. தாலி கட்டியாச்சு. மணியும் அடிச்சாச்சு. மனுசன் குச்சியைக் கையில வச்சுக்கிட்டு, எவனாவது கெட்டிமேளம்னு சொல்லுவான்னு உக்காந்திருக்காரு. பொண்ணும் மாப்பிள்ளையும் காரே ஏறிட்டாங்க."

சவரிமுத்துக்குச் சிரிப்பு தாங்கல. "அப்புறம்? எங்களுக்குன்னு தனியா இன்னொரு தவில் வாங்கிட்டாராக்கும்?"

டீச்சர் திரையில இருந்த ரெண்டு விளையாட்டையும் பாத்தாங்க.

சிரிப்பு நின்னுபோச்சு.

"சரி, என்னதான் பண்ணாரு?"

"தாளம் போடுற மச்சினனைப் பக்கத்துல உக்கார வச்சாரு. ஒரு இடத்துல அவன் கெட்டிமேளம்ங்கிற சத்தத்தைக் கேப்பான். இன்னொரு இடத்துல மணியைக் கேப்பான். எதைக் கேட்டாலும் முழங்கையால ஒரு இடி. அந்த இடி விழுந்தா இவரு வாசிப்பாரு."

சவரிமுத்து ஆறு கால் சிலந்தி இருந்த விளையாட்டையே அழிச்சாரு. மிச்சமிருந்த விளையாட்டுக்குத் 'தொடங்கு'ன்னு பேர் வச்சாரு. மெயின்னு ரெண்டு வரி, வின்மெயின்னு ரெண்டு வரி எழுதுனாரு. 'தொடங்கு'வைக் கூப்பிட்டுவிடுறதோட ரெண்டுக்கும் வேலை முடிஞ்சுது.

மறுநாள் பள்ளிக்கூடத்துல ஒரே கூச்சல். எட்டுன்னு அமுக்குன பிள்ளைக்கெல்லாம் கம்ப்யூட்டர் கைதட்டுச்சு. கைதட்டல் கேக்கணும்னே ஒருத்தி திரும்பத் திரும்ப அமுக்குனா.

சவரிமுத்து மெதுவா டீச்சர் பக்கத்துல வந்து நின்னாரு.

"ஒரு சந்தேகம் டீச்சர். தான் ஓடுறது லினக்ஸா விண்டோஸான்னு இந்த விளையாட்டுக்கே தெரியாதே?"

"தெரிஞ்சா மட்டும் கேள்வியை மாத்திக் கேக்கவா போகுது, அண்ணே?"