கழிமுகத்தில் நின்ற குதிரைக் கப்பல்

கேளுங்கள் பிள்ளைகளே! பாய்மரக் கப்பல்கள் மட்டுமே கடலில் போன காலம் அது. இளந்துறை என்ற பட்டினத்தில் நல்லாதன் என்றொரு படகோட்டி இருந்தான். ஒரு புயலில் அவன் படகு உடைந்தது. பிழைப்பும் போயிற்று. வேலை தேடிப் புறப்பட்டான்.

முதலில் உப்பு வணிகரிடம் போனான்.

"உனக்கு என்னப்பா தெரியும்?"

நல்லாதன் தரையைப் பார்த்தான். "ஏதோ கொஞ்சம் படகு ஓட்டுவேன் ஐயா."

"கொஞ்சம் தெரிந்தவனை நம்பி என் உப்பை ஏற்ற முடியுமா? போய் வா."

அடுத்து முத்து வணிகரிடம் போனான். இந்த முறை நெஞ்சை நிமிர்த்தினான். "ஏழு கடலும் எனக்கு அத்துப்படி!"

"அப்படியா? கடல் கடந்த சாவக நாட்டுத் துறைக்குள் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும்?"

நல்லாதன் குத்துமதிப்பாக ஒரு திசையைக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிட்டான்.

மனைவி வெண்ணி அருகில் உட்கார்ந்தாள். "ஒரு நாள் குறைத்துச் சொன்னீர்கள், ஒரு நாள் கூட்டிச் சொன்னீர்கள். உள்ளதைச் சொல்லித்தான் பாருங்களேன்."

மறுநாள் துறையில் ஒரே கூட்டம். குதிரை வணிகம் செய்யும் மாறி அம்மையின் கப்பல் கழிமுகத்துக்கு வெளியே நின்றது. நல்லாதனின் படகை உடைத்த அதே புயலில் மணல்மேடுகள் இடம் மாறியிருந்தன. புது வழி கண்டு உள்ளே கொண்டுவர ஆளில்லை. குடிநீர் தீர்ந்து நாற்பது குதிரைகள் தவித்தன.

நல்லாதன் அம்மையின் முன் போய் நின்றான்.

"என் பெயர் நல்லாதன். பன்னிரண்டு ஆண்டுகள் இந்தக் கழிமுகத்தில் படகு ஓட்டியவன். நீரின் நிறத்தைப் பார்த்தே மணல்மேடு எங்கே என்று சொல்வேன். ஆழ்கடல் எனக்குத் தெரியாது."

"உன் சொந்தப் படகு என்ன ஆயிற்று?"

"புயலில் உடைந்தது அம்மா. அதிலிருந்த ஒன்பது பேரையும் கரை சேர்த்தேன்."

மாறி அம்மை கப்பலுக்குப் போகும் சிறு படகைக் காட்டினாள். "ஏறு" என்றாள்.

அவன் கப்பலின் முகப்பில் நின்று நீரைப் பார்த்தான். பச்சை தெரிந்தால் போகச் சொன்னான். பழுப்பு தெரிந்தால் விலகச் சொன்னான். நுரை தெரிந்தால் நிற்கச் சொன்னான். பொழுது சாய்வதற்குள் நாற்பது குதிரைகளும் கரையிறங்கித் தண்ணீர் குடித்தன.

அன்று முதல் மாறி அம்மையின் கப்பல்கள் எல்லாம் நல்லாதன் வழிகாட்டத் துறைக்குள் வந்தன.

ஆகவே பிள்ளைகளே, தனக்குத் தெரிந்ததைக் குறைக்காமலும் கூட்டாமலும் துணிந்து சொல்பவனை நம்பித்தான் பிறர் வேலையை ஒப்படைப்பார்கள்.