ஒரு கரண்டி சோறு

“இன்னும் எதை விடணும், மேடம்?” என்று கேட்டார் ஒச்சப்பன்.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். அந்த மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அவள். வயது முப்பத்தொன்று. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தேழு.

ஐந்து மாதத்துக்கு முன் அங்கேதான் அவருடைய இரைப்பையைச் சுருக்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். அப்போது நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தார். போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். வயிறு ஸ்டியரிங்கில் இடித்ததால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, காலை எட்டி நீட்டித்தான் பிரேக் மிதித்துவந்தார். சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்ட பிறகு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார்.

இப்போது தொண்ணூற்றாறு கிலோ.

பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மெஹருன்னிசா பாராட்டவில்லை. எதற்காகக் கேட்கிறார் என்று விசாரித்தாள்.

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். முந்தின நாள், பதினோராவது கொண்டை ஊசி வளைவில் கண் இருட்டிவிட்டது. இரண்டு செகண்டுதான் இருக்கும். தெளிந்து பார்த்தபோது முன்சக்கரம் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது. வண்டியில் நாற்பத்தெட்டு பேர். கண்டக்டர் குருவையாவுக்குக்கூட விஷயம் தெரியாது.

“எதையோ ஒண்ணத் தப்பாச் சாப்பிடுறேன். எதுன்னு சொல்லுங்க. அதையும் விட்டுர்றேன்.”

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள்.

காலையில் இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு. மதியம் தண்ணீரில் கரைத்த புரத மாவு. ராத்திரி கோழித்துண்டு ஒன்று. அவ்வளவுதான்.

சோறு?

இல்லை என்று தலையை ஆட்டினார்.

பருப்பு? காய்? பழம்?

எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறதாமே என்றார். சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மென்று தின்கிற மாத்திரை, இனிப்பாக இருந்ததாம்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

இது எப்போது தொடங்கியது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆபரேஷன் முடிந்த இரண்டாவது மாதம், மைத்துனர் வீட்டு விசேஷத்தில் ஒரு கிண்ணம் கேசரி சாப்பிட்டார். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மண்டபத்துத் தரையில் படுத்துவிட்டார். செத்துவிடுவோம் என்றே நினைத்தார். மனைவி பேச்சியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

“சுருக்குன இரைப்பைக்கு இனிப்பு ஆகாது. அன்னைக்கு உங்களக் கீழ தள்ளுனது கேசரி,” என்றாள். “அவரைக்காய் என்ன பண்ணுச்சு? எல்லாத்தையும் விட்டதாலதான் கண்ணு இருட்டுது.”



அவள் எழுந்து போய், சமையலறையிலிருந்து ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். முழு முட்டை ஒன்று. கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல். கெட்டிப் பருப்பு. ஓரமாக ஒரு கரண்டி சோறு.

ஒச்சப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தொடவே இல்லை. அதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

டாக்டர் வந்து பார்த்தார். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஓட்டலாம் என்று தான் எழுதிக் கொடுக்கும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்றார். முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் மெஹருன்னிசா.

அந்தத் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார் ஒச்சப்பன். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிற தடம்.

“ரெண்டு செகண்டுதான மேடம். இப்ப நல்லாத்தான இருக்கேன். காலைல ஆறு மணி வண்டிய நான்தான் எடுக்கணும்.”

அவள் தடுக்கவில்லை. அவர் தட்டைப் பார்க்காமல் வெளியே போனார்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

அப்போது மெஹருன்னிசா ஏறினாள். கையில் நான்கு வயது மகள். குழந்தை அரைத்தூக்கத்தில் இருந்தது. இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டாள்.

“மேடம், நீங்க எதுக்கு?”

“மலையப் பாக்கணும்னு புள்ள கேட்டுக்கிட்டே இருக்கா.”

“இன்னைக்கு வேணாம்.”

“ஏண்ணே?”

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

குருவையா விசில் ஊதினார்.

சாவியைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. காலையில் தின்ற இரண்டு வெள்ளைக் கரு வயிற்றில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண்ணாடியில் பின்சீட்டுவரை முகங்கள் தெரிந்தன. ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். குழந்தை முன்கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.



இரண்டாவது விசில்.

பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள்.

ஒச்சப்பன் சாவியை உருவினார். கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். குருவையா ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார். ஷெட்டில் இருக்கும் மாற்று டிரைவரைக் கூப்பிடச் சொன்னார் ஒச்சப்பன்.

“உடம்புக்கு என்னண்ணே?”

“கண்ணு இருட்டுது. முந்தாநாளும் இருட்டுச்சு. பதினோராவது வளைவுல.”

ஜன்னலோரப் பெண்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். சிலர் திட்டினார்கள். மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியவர்களை அவரால் தாங்க முடிந்தது.

மாற்று டிரைவர் வந்து, கால் மணி நேரம் தாமதமாக பஸ் கிளம்பியது. மெஹருன்னிசாவும் குழந்தையோடு இறங்கிவிட்டாள். மூவரும் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஒச்சப்பன் கேட்டார்.

“நான் சாவியத் திருப்பியிருந்தா?”

“வண்டிக்கு முன்னாடி வந்து நின்னுருப்பேன்.”

“புள்ளையோடயா?”

 அவள் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். அதை அவர் பார்த்தார்.

எட்டு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார், ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிடும், அதற்கு முன்னால் இதைச் சாப்பிடுங்கள் என்று பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். முட்டை, அவரைக்காய், பருப்பு, சோறு. வீட்டில் சமைத்தது.

அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். மலைப்பாதையில் பதினேழு வளைவு. எந்த வளைவிலும் இப்படிப் பயந்ததில்லை.

முட்டையை முதலில் சாப்பிடச் சொன்னாள். மென்று, மென்று, மெதுவாக. அடுத்து காயும் பருப்பும். இரண்டு கவளத்துக்கு ஒருமுறை கையை நிறுத்தச் சொன்னாள். பஸ்கள் வந்தன, போயின. குழந்தை அவள் மடியில் தூங்கிவிட்டது.

கடைசியில் சோறு.

ஒரு கரண்டி அளவு எடுத்துப் பருப்பில் பிசைந்தார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். மண்டபத்துத் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம்.

“வேர்க்குதா?”

“இல்ல.”

பதினைந்து நிமிஷம்.

“நெஞ்சு படபடக்குதா?”

“படபடக்குது. பயத்துல.”

“அது அடங்கிரும்.”

அரைமணி நேரம் ஆனது. வெயில் பெஞ்சுவரை வந்துவிட்டது. அவர் கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார். வேர்வை இல்லை. நெஞ்சு தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. நாக்கில் சோற்றின் ருசி இன்னும் இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

டப்பாவின் மூலையில் கொஞ்சம் சோறு மிச்சமிருந்தது.

“இன்னும் ஒரு கரண்டி இருக்குண்ணே,” என்றாள் மெஹருன்னிசா. “வேணுமா?”

ஒச்சப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மூடி அவளிடம் கொடுத்தார்.

“நாளைக்குச் சாப்பிட்டுக்கிறேன், மேடம்.”