சடையன் மறைத்த ஓட்டை

அல்லிக்குளத்தின் கரையில் சடையன் என்ற காட்டுப்பன்றி நிலைகொள்ளாமல் அலைந்தது. படுத்தால் உறக்கமில்லை. எழுந்தால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

காரணம் அதற்கு மட்டுமே தெரியும். தெற்குக் கரையில் கோரைக்கிழங்கு தோண்டித் தின்றபோது, ஆசை மிகுதியில் கரையையே துளைத்துவிட்டது. அந்த ஓட்டை வழியே குளத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருந்தது. சடையன் பயந்துபோய் அதன்மேல் தழையைப் போட்டு மறைத்துவிட்டது. மழைக்கோ இன்னும் ஒரு மாதம் இருந்தது!

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் கரையில் நெற்றியை முட்டி, "நான் பாவி!" என்றால் போதும். எல்லோரும் "மன்னித்தோம்!" என்பார்கள். என்ன தப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், நாளைக்குத் தங்களையும் கேட்பார்களே!

சடையனும் முட்டியது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"மன்னித்தோம்!"

மனசு லேசானது. ஆனால் மத்தியானம் கிழங்கு வாசனை மூக்கைத் துளைத்தது. தழையை விலக்கி இன்னும் கொஞ்சம் தோண்டித் தின்றது. மறுநாள் காலையில் மறுபடியும் முட்டி அழுதது. இப்படியே ஏழு நாள் ஓடியது. நெற்றி வீங்கியது, ஓட்டை பெரிதானது, குளம் வற்றியது.

எட்டாம் நாள் விரால் மீன் சேற்றிலிருந்து தலையை நீட்டியது. அதன் குஞ்சுகள் தெற்குக் கரையோரம், வடிந்துகொண்டிருந்த ஒரு சின்னக் குழித் தண்ணீரில் மொய்த்துக் கிடந்தன.

"சடையண்ணே, தினமும் அழுறீங்களே, எதுக்கு?"

"நான் பாவி, விராலு!"

"அது தெரியுது. என்ன செஞ்சீங்க?"

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதுவரை யாரும் கேட்டதில்லையே!

"தண்ணி எங்க போகுதுன்னு தேடித் தேடி நண்டுக்குக் காலே ஓய்ஞ்சுபோச்சு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள என் பிள்ளைங்க செத்துடும்ண்ணே!" என்றது விரால்.

சடையன் அந்தக் குஞ்சுகளைப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஓட்டை போட்டது நான்தான்! தெற்குக் கரையில தழைக்கு அடியில இருக்கு. மறைச்சதும் நான்தான். நேத்துக்கூடத் தோண்டித் தின்னேன்!"

குளமே திரும்பிப் பார்த்தது. யாரும் "மன்னித்தோம்" என்று சொல்லவில்லை. சடையன் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. ஓடிப்போய்த் தழையைப் பிடுங்கி எறிந்தது. களிமண்ணை மூக்கால் தள்ளி ஓட்டையை அடைத்தது. தண்ணீர் அதையும் கரைத்துக்கொண்டு ஓடியது. உடனே தன் முதுகையே ஓட்டையில் கொடுத்துப் படுத்துவிட்டது.

"நண்டு! உள்பக்கமா மண்ணைப் பூசு! நான் அசையமாட்டேன்!"

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று திட்டிக்கொண்டே நண்டு மண்ணைப் பூசியது. பூசப் பூசக் கசிவு நின்றது. குழியில் மிஞ்சிய தண்ணீர் அப்படியே நின்றது. குஞ்சுகள் பிழைத்தன.

விரால் கரையோரம் வந்தது. "மன்னிச்சுட்டேன்ண்ணே!"

உச்சி வெயில் கொளுத்தியது. கிழங்கு வாசனை மூக்கருகிலேயே வீசியது. சடையனோ எட்டு நாளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அழுது புலம்புவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. செய்த பாவத்தை மறைக்காமல் அறிக்கையிட்டு, அதை விட்டு விலகுகிறவனே கடவுளிடம் இளைப்பாறுதல் பெறுவான்.