அரசரின் மூக்கு

போலந்தில் ஓர் ஊரில் ஓர் அரசர் படம் இருந்தது. அரசர் இறந்து ஐந்நூறு வருஷம் ஆகியிருந்தது. அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிறகு எல்லோரும் பார்த்த மாதிரியே பேசினார்கள்.

படம் வரையப்பட்டபோது போலந்து என்று ஒரு நாடே இல்லை. பக்கத்து ராஜ்ஜியங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பழைய அரசரை வரைந்தது தெரிந்தால் ஜெயில். அதனால் ஓவியர் ஆம்ப்ரோஜி, ஒரு யூதத் தையற்காரரின் பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரே பகலில் வரைந்து முடித்தார். ஒரு வண்ணம் காயும் முன்பே அடுத்ததைப் பூசினார். நெற்றிக்கு மாதிரியாக ஒரு நிலக்காரர் வந்து உட்கார்ந்தார். கண்ணுக்குப் படகுக்காரர். மூக்குக்கு அந்தத் தையற்காரரே.

நாற்பது வருஷம் கழித்து நாடு திரும்பக் கிடைத்தது. படத்தை நகர மண்டபத்தில் மாட்டுவதென்று முடிவானது. தங்க முலாம் பூசிய புதுச் சட்டம் ஒன்றும் வந்து, படத்தைச் சுற்றிப் பொருத்தப்பட்டது.

மாட்டும் நாள் காலையில் நகரத் தலைவர் ஹியரோனிம் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அந்த நிலக்காரரின் பேரன் இவர். அரசர் முழுக்க முழுக்க நம்மவராக இருக்க வேண்டும், அந்த மூக்கைச் சுரண்டிவிட்டு வேறு வரை என்று உத்தரவு போட்டார். மத்தியான மணிக்குள் முடிய வேண்டுமாம். உத்தரவு போட்டது ஆம்ப்ரோஜியின் மகள் தெக்லாவுக்கு. பழைய படங்களைச் செப்பனிடுவது அவள் தொழில். சற்றுத் தள்ளி, தலைவரின் புதுக் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார் செலிக். மூக்கு கொடுத்தவரின் மகன். அவர் தலையைத் தூக்கவில்லை.

சட்டத்துக்கு உத்தரவு பிடித்திருந்தது.

“ஒரு மூக்குதானே, கொடுத்துத் தொலை” என்றது படத்திடம். “நான் தங்கம். எனக்குள்ளே கண்டவன் மூக்கெல்லாம் இருக்கக் கூடாது.”

“தர மாட்டேன்.”

“நீ அரசர். அது தையற்காரனுடையது.”

“அரசரை யார் பார்த்தார்கள்?” என்றது படம். “நாடு இல்லாத நாளில், ஜெயிலுக்குப் பயப்படாமல் வந்து உட்கார்ந்த மூன்று பேர்தான் நான். அதில் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. நானும் யாரையும் எழுப்பி அனுப்ப மாட்டேன்.”

தெக்லா சுரண்டும் கத்தியை எடுத்தாள். கத்தி இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“எனக்குக் கட்சி கிடையாது. ஓரம் எங்கே என்று காட்டினால் சுரண்டுவேன்” என்றது.

மூக்கின் பக்கத்தில் மெல்ல வைத்தாள். கன்னத்திலிருந்து ஒரு பொட்டு வண்ணம் கூடவே பெயர்ந்து வந்தது. கத்தியை உடனே எடுத்துவிட்டாள்.

“தலைவரே, அப்பா ஈரத்து மேல ஈரம் வச்சு வரைஞ்சிருக்காரு. மூக்கு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே கோடு போட்டுக் குடுங்க. கோட்டுக்குள்ள இருக்கிறத எடுத்துடறேன்.”

இது என்ன பெரிய வேலை என்றார் தலைவர். சாக்பீஸ் கேட்டார். அந்த மண்டபத்தில் அது செலிக்கிடம் மட்டும்தான் இருந்தது, துணியில் குறி போடுகிற தட்டைச் சாக்பீஸ். செலிக் எழுந்து வந்து கொடுத்தார்.

“செவப்பா இருக்கேன்னு பாக்காதீங்க ஐயா. அன்னிக்கு எங்கப்பாவுக்கு ஜலதோஷம்” என்றார்.

தலைவர் சிரிக்கவில்லை. மூக்கைச் சுற்றிக் கோடு போட்டார். படகுக்காரரின் கண்ணோரம் உள்ளே மாட்டிக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சின்னதாகப் போட்டார். பாதி மூக்கு வெளியே நின்றது. அதையும் துடைத்தார். இந்த முறை மேலே இழுத்தார்.

“அங்க உங்க தாத்தா இருக்காரு” என்றாள் தெக்லா.

தலைவரின் கை சட்டென்று விலகியது. மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார். ஒவ்வொரு தடவையும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. தாடி உள்ளே வந்தது, கிரீடம் வந்தது. கடைசியில் கோடு படத்தின் துணியைத் தாண்டித் தங்கத்தின் மேலேயே ஏறிவிட்டது.

“என்னை எதற்கு?” என்று அலறியது சட்டம்.

“கோடு உன் மேலும்தான் போகிறது” என்றது கத்தி. “உன்னிலிருந்தே ஆரம்பிக்கட்டுமா?”



சாக்பீஸ் விரல் நுனியில் பொடியாகிப் போனது. தலைவர் இன்னொன்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா. அந்த ஒண்ணு எனக்கு மூணு மாசம் வரும்” என்றார் செலிக்.

படம் மாட்டுவதைப் பார்க்க வந்த கூட்டம் வெளியே கதவைத் தட்டியது. தலைவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வெள்ளைப் பொடி. செலிக் அதைத் தட்டிவிட்டு, பொத்தான் தைத்து முடித்த கோட்டை அவருக்குப் போட்டுவிட்டார்.

தெக்லா மிச்சமிருந்த சாக்பீஸ் கோட்டைத் துடைத்தாள். கன்னத்தில் பொட்டு பெயர்ந்த இடத்தை அப்படியே விட்டாள். கத்தியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மத்தியான மணி அடித்தது. அரசர் சுவர் ஏறினார், மூக்கோடு.