ஆயிரத்தொரு கடலையும் அவசரப் பெருச்சாளியும்

ஏரிக்கரைக் காட்டின்மேல் மேகம் கருகருவென்று திரண்டது. சுண்டெலிகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாடுபட்டுச் சேர்த்த ஆயிரத்தொரு வேர்க்கடலை வெட்டவெளியில் கிடந்தது. நனைந்தால் முளைத்துவிடும். அப்புறம் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான்!

மேட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. அதன் வளைக்குள் இருபது அறைகள். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

"இடம் தருகிறேன்" என்றது பெருச்சாளி. "ஒரே அறையில் அத்தனையும் அடைக்கக் கூடாது. எத்தனை அறை வேண்டுமானாலும் எடுங்கள். எல்லா அறையிலும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் அத்தனையும் எனக்கு!"

மிளகி என்ற சுண்டெலி முன்னால் வந்தது. கோபக்காரி.

"சமமாகப் பிரிந்துவிட்டால் எங்களுக்கு என்ன? ஒருபக்கம் மட்டும் லாபம் என்றால் அது பேரமா அண்ணே?"

"பிரிந்தால் மழைக்காலம் முடியும்வரை வளையே உங்களுக்கு! போதுமா பொடிசு?"

பெருச்சாளி சும்மா சொல்லவில்லை. முந்தின நாளே கடலையை எண்ணி, இரண்டு முதல் ஆறு வரை பிரித்துப் பார்த்திருந்தது. எதிலும் சரிவரவில்லை. 'பிரியாத எண்' என்று முடிவு கட்டிவிட்டது.

எலிகள் அறைக்கு ஒரு வரிசையாகக் கடலையை அடுக்கின. இரண்டு வரிசை: ஒன்று மிஞ்சியது. மூன்று வரிசை: இரண்டு மிஞ்சியது. இடி இடித்தது.

"நாலு பார்ப்போம்!" என்று ஓடியது ஒரு எலி.

"நில்லுடா! இரண்டாகவே பிரியாதது நாலாக எப்படிப் பிரியும்? ஆறும் வேண்டாம், எட்டும் வேண்டாம். நேரம் இல்லை. அஞ்சைப் போடு!" என்று கத்தியது மிளகி.

ஐந்திலும் ஒன்று மிஞ்சியது. முதல் தூறல் விழுந்தது.

"அவ்வளவுதான்! கடலையைத் தள்ளுங்கள்!" என்றது பெருச்சாளி.

எலிகள் அழுதன. "விட்டுவிடலாம் அக்கா. உயிராவது மிஞ்சட்டும்."

"வாயை மூடுங்கள்! அறை இருபது. நாம் பார்த்தது அஞ்சு வரைக்கும்தான். ஏழைப் போடுங்கள்!"

"ஆறுக்கே மசியாதது ஏழுக்கு மசியுமா?" பெருச்சாளி வயிறு குலுங்கச் சிரித்தது.

ஏழு வரிசைகள் நீண்டன. குவியல் கரைந்தது. கடைசியில் ஏழே ஏழு கடலை. வரிசைக்கு ஒன்றாக வைத்தன. தரையில் ஒன்றும் இல்லை. வரிசைக்கு நூற்று நாற்பத்து மூன்று!

பெருச்சாளியின் சிரிப்பு நின்றது. "நான் ஆறு வரைக்கும் பார்த்தேனே!"

"இன்னும் ஒன்று பார்த்திருக்கலாம் அண்ணே. வழியை விடுங்கள், கடலை நனைகிறது!"

எலிகள் கடலையோடு உள்ளே ஓடின. கொட்டும் மழையில் பெருச்சாளி வேறு வளை தேடி நடந்தது.

பாதி சோதித்துவிட்டு 'முடியாது' என்று பந்தயம் கட்டுகிறவன், தன் கையில் இருப்பதையும் இழப்பான்.