கசிவு நீரால் நீராட்டிய ஒச்சம்மாள்

கருங்கரட்டு அடிவாரத்தில், படகு விடுவதற்கென்றே கட்டிய சிறிய மண் அணை ஒன்று உண்டு. அதன் கரையில் கூலிக்குப் புல் அறுத்தவர் ஒச்சம்மாள். புல்லை ஒட்ட அறுப்பாரே தவிர வேரோடு பிடுங்க மாட்டார். மரக்கன்று முளைத்தால் மட்டும் வேர் மிச்சமில்லாமல் இழுத்து எறிவார். எலி வளை, நண்டு வளை கண்டால் களிமண்ணைப் பிசைந்து, ஐந்து விரலாலும் அழுத்தி அடைப்பார். ஒவ்வோர் அடைப்புக்கும் ஒருமுறை "கரைகாத்தாரே" என்பார். அந்தக் கரைகாத்த அய்யனார் கரை நடுவில், தலைக்கு மேல் ஓலைகூட இல்லாமல், இடுப்பளவுக் கல்லாக நின்றார்.

அவருக்கு அம்மையார் பூ சாத்தியதில்லை. மண் அணை என்றால் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தினமும் காலையில் அந்தக் கசிவில் ஒரு செம்பு நீர் பிடித்து, செம்பின் அடி தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெளிந்த நீர் என்றால் கரை நலமாக இருக்கிறது. கலங்கினால் கரை உள்ளுக்குள் கரைகிறது. பார்த்த பிறகு அந்த நீரையே அய்யனார் தலையில் ஊற்றுவார். பன்னிரண்டு வருடத்தில் அடி தெரியாத நாள் ஒன்றுகூட இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த முதலாளியைப் பற்றிச் சொல்ல நாக்கு கூசுகிறது. படகுத்துறையைப் புதிதாக வாங்கிய சௌந்தரபாண்டிக்கு, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு வளைவு வேண்டியிருந்தது. அதற்கு அய்யனார் நின்ற இடம்தான் தோதாகப் பட்டது. நாலு ஆட்களை விட்டுக் கல்லைப் பெயர்த்துத் தண்ணீருக்குள் உருட்டினான். ஓடிவந்த அம்மையாரைப் பார்த்து, "ஏம்மா, ஒங்க சாமிக்கு நீச்சல் தெரியாதாக்கும்?" என்று கேட்டான். ஆட்கள் சிரித்தார்கள்.

அம்மையார் அழவில்லை. "இதே வாயால அவர நீ வெளிய கூப்பிடுவ. ஒன் படகு அம்புட்டும் சேத்துல கெடக்கும். அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்" என்றார்.

மறுநாளும் வேலைக்கு வந்தார். வளைவின் காலடியில், வெறும் தரையில் செம்பு நீரை ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னார். அவருக்கு அதுவும் ஒரு மந்திரமாகவே ஆகிவிட்டது.

சௌந்தரபாண்டி அதோடு நிற்கவில்லை. வருகிறவர்களின் செருப்பு நனைகிறது என்று கசிவை சிமெண்டு பூசி அடைத்தான். அடைத்தால் தண்ணீர் சும்மா இருக்குமா? பத்தடி தள்ளி வேறு பக்கம் கிளம்பியது. தீபாவளிக்குப் புது மோட்டார் படகு வந்தது. அதற்கு ஆழம் போதவில்லை என்று, மிஞ்சிய நீர் வெளியேறும் கலிங்கை மணல் மூட்டை அடுக்கி மறித்தான். ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ள, நீர் கரையின் கழுத்துவரை ஏறியது.

தீபாவளிக்கு மறுநாள் காலை. செம்பின் அடி தெரியவில்லை. நீர் செம்மண் குழம்பாக இருந்தது.

அம்மையார் செம்பைக் கொண்டுபோய் நீட்டினார். "செம்பு அடி தெரியல. படகக் கரையேத்து, கலிங்கத் தொற."

"செம்ப வெளக்கி எத்தன நாளாச்சு? போய் வெளக்கு" என்றான் சௌந்தரபாண்டி.

அப்போது அம்மையாரின் மனதில் எழுந்ததை மறைக்க வேண்டியதில்லை. கரைக்குக் கீழே கீழக்குடியில், தம் வீடும் சேர்த்து முப்பது வீடுகள். அந்தச் சனத்தைக் கரட்டின்மேல் ஏற்றிவிட்டு, கரை உடைவதை உட்கார்ந்து பார்த்தால் என்ன? அவன் அழிந்தான். நினைக்கவே நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் நீரின்மேல் ஆறு படகுகளில் பிள்ளைகுட்டிகளோடு யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் கரைகாத்தார் பெயரைச் சொல்லி அடைத்த கரை அது. அதை இவனுக்காக விட்டுக்கொடுப்பதா?

கீழக்குடிக்கு ஓடிக் குரல் கொடுத்தார். கிழடு, குழந்தைகள் கரட்டில் ஏற, பெண்கள் எட்டுப் பேர் மண்வெட்டியோடு அவர் பின்னால் வந்தார்கள். கலிங்கின் மூட்டைகளை இழுத்து எறிந்தார்கள். மதகின் சக்கரத்தை அம்மையாரே திருகினார். அவர் மாதந்தோறும் எண்ணெய் விட்டுவந்த சக்கரம் முரண்டு பிடிக்காமல் சுற்றியது. நீர் ஓடைவழியே இறங்கியது. படகோட்டிகள் பயந்துபோய்த் தாமாகவே ஆட்களைக் கரைசேர்த்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் குளம் வெறும் சேறாயிற்று. புது மோட்டார் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைக் காப்பாற்றுகிறேன் என்று சரிவில் இறங்கிய சௌந்தரபாண்டி இடுப்புவரை புதைந்தான். கைக்கு அகப்பட்டதைக் கட்டிப்பிடித்தான். பார்த்தால் அது அய்யனார்.

ஒருவரும் கைகொடுக்கவில்லை. அம்மையார் கரைமேல் அமர்ந்து சாவகாசமாக வெற்றிலை மடித்தார்.

"கயிறு போடும்மா" என்றான்.

"மொதல்ல அவரக் கூப்பிடு."

"அய்யனாரே, வெளிய வாங்க."

"கேக்கல."

கரடு அதிரக் கூப்பிட்டான். அதன் பிறகே கயிறு போனது. கல்லையும் அவனையும் சேர்த்துக் கட்டி, ஊரே இழுத்தது.

கல் நகர்ந்த இடத்தில் கரைக்குள் ஒரு கன்றுக்குட்டி நுழையும் அளவுக்குப் பொந்து வாயைப் பிளந்து கிடந்தது. பார்க்க வந்த பொறியாளர், "இந்தக் கல்லு அடைச்சு நிக்கலேன்னா காலையிலயே கரை போயிருக்கும்" என்றார். தள்ளிவிடப்பட்ட சாமி, முதுகு கொடுத்து நின்றிருக்கிறார்.

கல்லைக் கழுவினார்கள். முதுகில் அப்பியிருந்த களிமண் மட்டும் கழுவக் கழுவப் போகவில்லை. அதில் ஐந்து விரல் தடங்கள் வரிசை வரிசையாக இருந்தன. அம்மையார் தம் கையை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. குளத்தின் உட்பக்கம் அவர் ஒருநாளும் கைவைத்ததில்லை. வெளியே அடைத்த ஒவ்வோர் அடைப்பையும் அய்யனார் தம் மேனியில் வாங்கியிருக்கிறார். ஒச்சம்மாள் அன்றுதான் அழுதார்.

சௌந்தரபாண்டி காலில் விழுந்தான். "மன்னிச்சிரும்மா."

"அவரு மன்னிப்பாரு, அவரு சாமி. எனக்கு அந்தக் கட்டாயம் இல்ல" என்றார் அம்மையார்.

வளைவு போய், அய்யனார் பழைய இடத்துக்கு வந்தார். கரையை வெட்டித் திருத்திக் கட்டினார்கள். இப்போதும் தினமும் காலையில் சௌந்தரபாண்டிதான் கசிவு நீரைப் பிடித்துவந்து, செம்பை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறான். அம்மையார் செம்பின் அடியைப் பார்க்கிறார். அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

மன்னிக்காமலே அருள்பெற்ற ஒச்சம்மையாரின் மண் படிந்த கைகள் வாழ்க.