சர்வர் விழுந்த புதன்கிழமை

சிங்கப்பூரில் ஒரு குரு இருந்தாள். குருவுக்கு வயது முப்பத்திமூன்று, சீடருக்கு நாற்பத்தொன்று.

குரு தில்ஷாத், ஹெட்ஜ் ஃபண்டில் வேலை பார்ப்பவள். பங்கு ஏறினாலும் இறங்கினாலும் பணக்காரர்களின் பணத்தைப் பெருக்கித் தரவேண்டிய வேலை. சீடர் பரஞ்சோதி, ஒரு வங்கியில் பன்னிரண்டு வருஷமாக கம்ப்யூட்டர் சர்வர்களை மேய்ப்பவர். மிச்ச நேரத்தில் சொந்தக் காசில் பங்கு வாங்கிப் பழகியவர். அவருக்கும் ஹெட்ஜ் ஃபண்டில் ஒரு நாற்காலி வேண்டும்.

புதன்தோறும் தன் சாப்பாட்டு வேளையை தில்ஷாத் அவருக்குக் கொடுத்தாள். இந்த ஊரில் யார் கொடுப்பார்கள்?

மூன்று ஃபண்டுகள் "ஓ, கம்ப்யூட்டர் ஆளா? சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவிட்டன. நாலாவது இன்டர்வியூ நாளைக்கு. அதுவும் போனால் அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"ஒத்திகை பார்க்கலாமா, குருவே?"

"பாருங்க அண்ணே."

பரஞ்சோதி நெஞ்சை நிமிர்த்தி, வீடியோவில் பார்த்த கோட்டுக்காரர்களின் குரலை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தக் குளிர்பதனக் கம்பெனியின் மதிப்பைச் சந்தை இன்னும் உணரவில்லை. எமது ஆழமான பார்வையில்..."

தில்ஷாத்தும் நெஞ்சை நிமிர்த்தினாள். அதே குரல், அதே இழுவை. "எமது ஆழமான பார்வையில் இந்த மீ கோரிங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது."

உணவங்காடியில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பரஞ்சோதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பரஞ்சோதியின் போன் அடித்தது. வங்கியில் சர்வர் விழுந்துவிட்டதாம்.

"பதறாதீங்க தம்பி. எப்பலேர்ந்து? சரி. கடைசியா எதை மாத்தினீங்க? சரி. எது இன்னும் ஓடுது? அப்ப, மாத்தினதைத் திருப்பி எடுத்துருங்க. காரணத்தை அப்புறம் தேடலாம்."

நாலு நிமிஷம். சர்வர் எழுந்தது.

"மன்னிச்சிருங்க குருவே. எங்க விட்டேன்?"

"விட்ட இடத்துக்குப் போகாதீங்க. அந்தக் கம்பெனி லாபம் எப்பலேர்ந்து இறங்குது?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"கடைசியா எதை மாத்தினாங்க?"

"மோட்டார் வாங்குற இடத்தை. புது மோட்டார் அடிக்கடி நின்னு போச்சு."

"எது இன்னும் ஓடுது?"

"வாடிக்கைக்காரங்க ஒருத்தர்கூடப் போகலை. போன மாசம் பழைய மோட்டாருக்கே திரும்பிட்டாங்க. அதான் வாங்கலாம்ங்கிறேன்."

"நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"முதல்ல வித்துருவேன். ஏன் தப்புன்னு அப்புறம் தேடுவேன்."

சொல்லிவிட்டு, சற்றுமுன் பேசிய போனை அவரே ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"பயோடேட்டாவுல அந்தப் பன்னிரண்டு வருஷம் எங்கண்ணே இருக்கு?"

"கடைசிப் பக்கத்துல. சின்ன எழுத்துல."

"முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்க."

அடுத்த புதன்கிழமை பரஞ்சோதி ஒரு கிலோ பாதுஷாவோடு வந்தார். நாற்காலி கிடைத்துவிட்டது. இன்டர்வியூவில் ஒரு மணி நேரம் சர்வர் கதைதான் கேட்டார்களாம். அத்தனை கூட்டத்துக்கு நடுவே, கண் கலங்க, பெரிய கும்பிடாகப் போட்டார்.

"எல்லாம் நீங்க போட்ட பிச்சை, குருவே."

தில்ஷாத் பாதுஷாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"கும்பிடு எனக்கு எதுக்கு? அந்த சர்வருக்குப் போடுங்கண்ணே. பன்னிரண்டு வருஷமா உங்களுக்காக விழுந்து விழுந்து எந்திரிச்சிருக்கு."